வேலி வந்தது, விளைச்சல் கூடியது. அந்த மாடு எங்கே போனது? (இங்கிலாந்தின் நில அடைப்பு பற்றி)

#1 வரப்போரம்

போன நவம்பர் கடைசியில் லாக்ஸ்டன் என்ற ஊருக்குப் போய்வந்தேன். நாட்டிங்ஹாம்ஷயரில் இருக்கிறது, எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஊர் சுற்றியவர்களுக்குத் தெரியும், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஹாதார்ன் முள்வேலி, வேலிக்குள் கட்டம் கட்டமாக வயல். லாக்ஸ்டன் வெளியில் அந்த வேலி இல்லை. மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என்று மூன்று பெரிய வெளிகள். ஒவ்வொன்றிலும் பல குடும்பங்களின் நீள நீளத் துண்டுகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஒரு வெளியில் கோதுமை, அடுத்ததில் வேறு பயிர், மூன்றாவது கரம்பு. மறு வருடம் ஒரு சுற்று மாறும். எந்த வெளியில் எது என்பது ஊருக்கே பொதுவான முடிவு.

நான் போனது 'ஜூரி நாள்'. ஊர் விவசாயிகளில் 12 பேர் கோதுமை விதைத்த வெளியைச் சுற்றிப் பார்க்கிறார்கள். யாராவது பொதுப் பாதையிலோ புல்லுக்கு விட்ட இடத்திலோ ஏரை ஏற்றிவிட்டாரா என்பதுதான் சோதனை. நான் நின்ற இடத்தில் எல்லை சேற்றில் மறைந்திருந்தது. ஒருவர் மரக்குச்சியைப் பிடித்துக்கொண்டார், ஒருவர் சுத்தியலோடு நின்றார். வயதானவர் ஒருவர் இருபது எட்டு பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்கோடிக் குச்சியோடு சேர்த்துப் பார்த்துக் கையை அசைத்துக்கொண்டே இருந்தார். குச்சி ஒரு சாண் நகர்ந்தது. அப்புறம்தான் அடித்தார்கள். துண்டுக்குச் சொந்தக்காரரும் பக்கத்திலேயே நின்றிருந்தார், ஒன்றும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து ஊர் மன்றம் கூடி, தப்புச் செய்தவருக்கு அபராதம் போடும்.

ஒரு காலத்தில் நடு இங்கிலாந்தின் பெரும்பாலான ஊர்கள் இப்படித்தான் இருந்தன. அறுவடை முடிந்தால் வெளி முழுவதும் ஊர் மாடுகளுக்குத் திறந்துவிடப்படும். அதற்கு அப்பால் பொது மேய்ச்சல் நிலம், சுள்ளி பொறுக்கும் காடு, அடுப்பில் எரிக்கக் கரிமண் (பீட்) வெட்டும் சதுப்பு. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்களை நிறைவேற்றி, சுமார் 68 லட்சம் ஏக்கரைத் தனித்தனிச் சொந்த நிலமாகப் பிரித்து வேலிக்குள் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பெரும்பகுதி 1760க்கும் 1830க்கும் இடையில் நடந்தது. லாக்ஸ்டன் தப்பியதற்குக் காரணமாக அங்கே சொல்வது, ஊரின் இரண்டு பெரிய நிலப்பிரபுக்களும் ஒத்துப்போகவில்லை என்பதுதான்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளைச்சல் கூடியதை நான் மறுக்கவில்லை. ஆனால் விளைச்சலைக் கணக்கு எழுதியவர்கள் மாட்டையும் சுள்ளியையும் சிந்திய கதிரையும் எந்த ஏட்டிலும் எழுதவில்லை. எழுதாததால் அவை போனதே வெளியே தெரியவில்லை. விவசாயம் தெரிந்தவர்களும் வரலாறு படித்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள், பேசுவோம்.

#2 நொய்யல்கரை

நல்ல இழை. ஆனால் நான் உங்கள் கட்சி இல்லை.

எங்களுக்கு இருப்பது மூன்று ஏக்கர், அதுவும் பாகப்பிரிவினையில் நாலு இடமாகச் சிதறிவிட்டது. ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்கு உழவு டிராக்டரைக் கொண்டுபோவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். இங்கிலாந்து விவசாயிக்கு மூன்று வெளிகளில் பத்துப் பதினைந்து துண்டுகள் இருந்தால் அவர் பாடு என்னவாக இருந்திருக்கும்? பக்கத்துத் துண்டுக்காரர் களை எடுக்காவிட்டால் விதை எல்லாம் இவர் துண்டில் விழும். வடிகால் வெட்ட வேண்டுமென்றால் இருபது பேர் சம்மதிக்க வேண்டும்.

மூன்றில் ஒரு பங்கு நிலம் எப்போதும் கரம்பு. இதை மாற்றியது நார்ஃபோக் சுழற்சி: கோதுமை, டர்னிப், பார்லி, குளோவர். குளோவர் பயறு வகையைச் சேர்ந்தது, மண்ணுக்குத் தழைச்சத்து தரும். டர்னிப் குளிர்காலத்தில் ஆட்டுக்குத் தீவனம். ஆடு அதே வயலில் மேய்ந்து எரு போடும், நம் கிடை கட்டுவது போல. கரம்பே வேண்டாம். ஆனால் அறுவடை முடிந்ததும் ஊர் மாடு முழுவதும் உள்ளே வரும் என்றால் குளிர்காலத்தில் டர்னிப்பை எப்படிக் காப்பாற்றுவது?

கால்நடையைப் பாருங்கள். லெஸ்டர்ஷயரில் ராபர்ட் பேக்வெல் புதிய ஆட்டினத்தைத் தேர்வு செய்து உருவாக்கினார். ஊர்ப்பொது மந்தையில் எந்தக் கிடா எந்த ஆட்டோடு சேரும் என்று யார் கட்டுப்படுத்துவது? இனம் பெருக்கத் தனித்தனி அடைப்பு வேண்டும். நாங்கள் பொலிகாளை வைத்திருந்த குடும்பம், இது எனக்கு அனுபவத்தில் தெரியும்.

இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டும் சேர்ந்து மக்கள்தொகை 1801 கணக்கெடுப்பில் சுமார் 89 லட்சம். 1851இல் சுமார் 1 கோடியே 79 லட்சம். ஐம்பது வருடத்தில் இரட்டிப்பு. இத்தனை பேருக்கும் சோறு எங்கிருந்து வந்தது என்பதற்கும் பதில் வேண்டும்.

#3 ஆவணப்பிரியன்

நடைமுறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். நான் அதைத்தான் அதிகம் படித்திருக்கிறேன்.

அடைப்பு வேண்டும் என்று ஊர்க்காரர்கள் நாடாளுமன்றத்துக்கு மனுப் போட வேண்டும். யாருடைய சம்மதம் வேண்டும்? தலைக்கு ஒரு ஓட்டு கிடையாது. நிலத்தின் மதிப்பில் முக்கால் பங்கு, ஐந்தில் நான்கு பங்கு வைத்திருப்பவர்கள் ஒப்புக்கொண்டால் போதும். பல ஊர்களில் அது மூன்று நான்கு பேர்தான். மீதி எண்பது குடும்பம் எதிர்த்தாலும் எடையில் நிற்காது. 1774 முதல்தான் தேவாலயக் கதவில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்ற விதியே வந்தது.

சட்டம் நிறைவேறியதும் ஆணையர்கள் வருவார்கள், சர்வேயர் வருவார். யாருக்கு என்ன உரிமை என்று கேட்பார்கள். நம் ஊர்ச் சொல்லில் சொன்னால் பட்டா வைத்திருப்பவனுக்குப் பங்கு உண்டு. குடிசைக்குச் சொந்தக்காரராக இருந்து, அந்தக் குடிசையோடு மேய்ச்சல் உரிமை சேர்ந்திருந்தால் பதிலுக்கு ஒரு சிறு துண்டு நிலம் கிடைக்கும். அதே குடிசையில் வாடகைக்கு இருந்தால் பதில் நிலம் வீட்டுக்காரருக்குப் போகும், மாடு வளர்த்தவருக்கு ஒன்றுமில்லை. பாட்டன் காலத்திலிருந்து வழக்கத்தால் மேய்த்துவந்தேன் என்று சொன்னால் அதை எழுதிக்கொள்ளவே மாட்டார்கள்.

துண்டு கிடைத்தவர் பாடும் லேசில்லை. கெடுவுக்குள் வேலி போட வேண்டும். சட்டச் செலவு, அளவைச் செலவு, ஆணையர் செலவு எல்லாவற்றிலும் பங்கு கட்ட வேண்டும். தேவாலயத்துக்குச் சேர வேண்டிய தசமபாகத்துக்குப் பதிலாகப் பாதிரியாருக்கு ஒரு பெரிய பங்கு ஒதுக்கப்படும், அதற்கு வேலி போடும் செலவும் பெரும்பாலும் மற்றவர்கள் தலையில்தான். இரண்டு ஏக்கர் கிடைத்தவருக்கு அதைச் சுற்றி வேலி போடும் செலவு ஏக்கர் கணக்கில் பார்த்தால் இருநூறு ஏக்கர்காரரை விடப் பல மடங்கு. சின்ன நிலத்துக்குச் சுற்றளவு அதிகம், அவ்வளவுதான் கணக்கு. கையில் காசில்லாமல் அந்தத் துண்டை விற்றுவிட்டுக் கூலிக்குப் போனவர்கள் ஏராளம். வாங்கியது பெரும்பாலும் பக்கத்துப் பெரிய பண்ணை.

#4 செவ்வந்தி

நொய்யல்கரை அண்ணா, பொலிகாளை பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் நான் அந்த ஒற்றை மாட்டிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு கூலிக்காரர் குடும்பம், சொந்த நிலம் இல்லை. பொது மேய்ச்சலில் ஒரு மாடு. பால் பிள்ளைகளுக்கு. வெண்ணெய் எடுத்து விற்பது வீட்டுக்காரியின் கைக்காசு. மோர்த்தெளிவு பன்றிக்கு. பன்றியை நவம்பரில் வெட்டி உப்புப் போட்டால் குளிர்காலம் முழுவதும் கறி. சாணம் தோட்டத்து உருளைக்கிழங்குக்கு. பெண்களின் உழைப்பை ஆராய்ந்த ஜேன் ஹம்ஃப்ரீஸ் என்ற பொருளாதார வரலாற்றாளர், இந்த ஒரு மாட்டின் வரும்படி சில இடங்களில் ஆணின் கூலியில் கிட்டத்தட்டப் பாதிக்கு வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார். மாட்டைப் பார்த்தது யார்? பெண்களும் பிள்ளைகளும். மேய்ச்சல் நிலம் அடைபட்டதும் அந்த வீட்டில் பெண்ணின் சம்பாத்தியம் முழுவதும் ஒரே நாளில் நின்றுபோகிறது. அப்புறம் வீடே கணவனின் கூலியை மட்டும் நம்பி நிற்கிறது. அந்தக் கூலியும் அறுவடைக் காலத்தில்தான் நிச்சயம்.

சிந்திய கதிரும் இப்படித்தான். அறுவடைக்குப் பின் கதிர் பொறுக்கப் போவது பெண்கள், பிள்ளைகள். சில ஊர்களில் பொறுக்கத் தொடங்கவும் நிறுத்தவும் தேவாலய மணி அடிப்பார்கள். குளிர்காலத்து ரொட்டிக்கான மாவு அதிலிருந்து வரும். 1788இல் சஃபோக்கின் டிம்வொர்த் ஊர் வழக்கு ஒன்றில், கதிர் பொறுக்குவது சட்டப்படி யாருக்கும் உரிமை ஆகாது என்று லண்டன் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பல ஊர்களில் வழக்கம் தொடர்ந்தது உண்மைதான். ஆனால் அதுவரை உரிமையாக இருந்தது அதற்குப் பின் நிலக்காரரின் தயவு ஆனது.

ஆர்தர் யங் பற்றியும் சொல்ல வேண்டும். அடைப்புக்காகவே ஊர் ஊராகப் போய் எழுதியவர், 1793இல் தொடங்கிய வேளாண்மை வாரியத்தின் செயலாளர். அவரே 1801இல், இருபது அடைப்புச் சட்டங்களில் பத்தொன்பதில் ஏழைகள் பாதிக்கப்பட்டார்கள் என்று எழுதினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் என்னிடம் ஒரு மாடு இருந்தது, சட்டம் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டது என்று ஏழை சொல்வான், அவன் சொல்வது நியாயம்தான் என்பது அவர் வாதம். அடைப்பை எதிர்த்துப் பழகியவர் இதை எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

#5 கேள்விக்கணை

எனக்கு ஒரு சந்தேகம். பொது நிலம் என்றால் ஆளாளுக்கு மாட்டைக் கூட்டிக்கொண்டே போவார்கள், கடைசியில் புல்லே மிஞ்சாது என்று கல்லூரியில் படித்தோம். காரெட் ஹார்டின் 1968இல் எழுதியது. அப்படியானால் வேலி போடாவிட்டாலும் அது அழிந்துதானே போயிருக்கும்?

#6 வரப்போரம்

தம்பி, ஹார்டின் சொன்னது யாருக்கும் சொந்தமில்லாத, யாரும் கேட்பாரில்லாத நிலத்தைப் பற்றி. இங்கிலாந்தின் பொது மேய்ச்சல் அப்படி இருக்கவில்லை. ஒரு வீட்டுக்கு இத்தனை மாடு, இத்தனை ஆடு என்று வரையறை வைத்த ஊர்கள் நிறைய. எந்த நாளில் திறப்பது, எந்த நாளில் அடைப்பது என்று ஊர் மன்றம் முடிவு செய்யும். மேய்ப்பனுக்கு ஊர்ச் சம்பளம். மீறிய மாட்டைப் பிடித்துக் கல்சுவர் கட்டிய ஒரு தொட்டியில் அடைப்பார்கள், அபராதம் கட்டி மீட்க வேண்டும். நம் ஊரில் கொண்டி மாட்டைப் பிடித்துப் 'பவுண்டில்' அடைத்தார்களே, அந்தச் சொல்லே இங்கிருந்து வந்ததுதான். 1871 சட்டத்தின் கீழ் இந்தியா முழுவதும் பவுண்டு கட்டினார்கள். இங்கே தங்கள் ஊரில் வேலியை வளர்த்துக்கொண்டே போனவர்கள், அங்கே கொண்டுவந்தது இந்தத் தொட்டியை.

வரையறையை மீறி மேய்த்தது பெரும்பாலும் யார் என்று பார்த்தால் பெரிய பண்ணைக்காரர்கள்தான். மன்றம் பலம் இழந்த ஊர்களில் புல் போனது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பொது நிலத்தை மக்கள் விதி வைத்து ஆளும் வழிகளை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அவரையும் தேடிப் படி.

#7 பனையடி

எல்லாரும் சும்மா இருந்தார்களா? வேலியைப் பிடுங்கிப் போட ஒருத்தர்கூட இல்லையா?

#8 ஆவணப்பிரியன்

இருந்தார்கள். 1549இல் நார்ஃபோக்கில் கெட் என்பவர் தலைமையில் பெரிய கலகமே நடந்தது. அவர் தாமே வேலி போட்டிருந்த நிலக்காரர். கூட்டம் அவர் வேலியை உடைக்க வந்தபோது அவரும் சேர்ந்து உடைத்து, தலைமையும் ஏற்றார். நார்விச் நகரையே பிடித்தார்கள். அந்த டிசம்பரில் நார்விச் கோட்டைச் சுவரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். 1607இல் நார்தாம்ப்டன்ஷயரின் நியூட்டனில் வேலியையும் பள்ளத்தையும் தூர்க்க வந்த கூட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள்.

எனக்கு நெருக்கமான கதை ஆட்மூர். ஆக்ஸ்ஃபோர்டுக்கு வடகிழக்கே சுமார் 4,000 ஏக்கர் சதுப்பு மேய்ச்சல். சுற்றியிருக்கும் ஏழு ஊர்களுக்கும் பொது. மழைக்காலத்தில் தண்ணீர், கோடையில் புல். வாத்து, மாடு, மீன், கரிமண் என்று ஊர் அதை வைத்தே பிழைத்தது. 1801இல் அறிவிப்பு ஒட்ட வந்த ஆட்களைத் தேவாலயக் கதவுப் பக்கமே போகவிடாமல் கூட்டம் மறித்தது. 1815இல் சட்டம் வந்துவிட்டது. ரே ஆற்றைத் திருப்பிக் கரை கட்டினார்கள். விளைவு, மேட்டு நில விவசாயிகளின் வயலில் வெள்ளம். 1829இல் அந்த விவசாயிகளே கரையை வெட்டினார்கள். நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அப்படியானால் அடைப்பே செல்லாது என்று கூலிக்காரர்கள் புரிந்துகொண்டு, முகத்தில் கரி பூசிக்கொண்டு இரவோடு இரவாக வேலிகளை வெட்டத் தொடங்கினார்கள்.

1830 செப்டம்பர் 6, பட்டப்பகல். சுமார் ஆயிரம் பேர் திரண்டு, பழைய வழக்கப்படி ஆட்மூரின் ஏழு மைல் எல்லையை நடந்தே சுற்றினார்கள். வழியில் குறுக்கே வந்த வேலி எல்லாம் சாய்ந்தது. குதிரைப்படை வந்து அறுபதுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்தது. அதில் 41 பேரை வண்டியில் ஏற்றி ஆக்ஸ்ஃபோர்டு சிறைக்குக் கொண்டுபோனார்கள். அன்று அங்கே செயின்ட் கைல்ஸ் திருவிழா. 'ஆட்மூர் என்றைக்கும்' என்று கைதிகள் கூவ, திருவிழாக் கூட்டம் கல்லெறிந்து படையை விரட்டி எல்லாரையும் விடுவித்துவிட்டது.

அடைப்பு நிற்கவில்லை. ஆனால் அடுத்த பல வருடங்கள் அங்கே காவல் போட வேண்டியிருந்தது.

#9 நொய்யல்கரை

ஆட்மூர் கதைக்கு நன்றி. ஆனால் ஒரு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். அதே 1830இல் 'ஸ்விங்' கலகம் என்று கூலிக்காரர்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்களே, அதையும் அடைப்பின் கணக்கில் எழுதுகிறார்கள். அது தொடங்கியது கென்டில். கென்டில் நாடாளுமன்ற அடைப்பு அநேகமாக நடக்கவே இல்லை, அங்கே நிலம் அதற்கு எவ்வளவோ முன்பே வேலிக்குள் போய்விட்டது. குளிர்காலத்தில் கதிரடிப்பு ஒன்றுதான் அவர்களுக்கு வேலை, இயந்திரம் அதைப் பறித்தது. 1815இல் பிரான்சோடு நடந்த போர் முடிந்து ஊர் திரும்பிய ஆட்கள், விழுந்த தானிய விலை, பெருகிய மக்கள்தொகை என்று காரணம் பல.

#10 செவ்வந்தி

கென்ட் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலமும் மாடும் இருந்த குடும்பம் குளிர்காலத்தில் கதிரடிப்பு ஒன்றை மட்டும் நம்பியிருக்காது. எப்போது அடைத்தார்கள் என்பது மாறலாம். கூலியைத் தவிர வேறு கதியில்லை என்ற நிலைமை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

விளைச்சல் பற்றி ஒன்று. வேலி இல்லாத ஊர்களும் மாறின. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் பல ஊர்கள் கூடிப் பேசி, மூன்று வெளியை நாலாகப் பிரித்துக் குளோவர் விதைத்தன. அப்புறம், அடைப்புக்குப் பின் குத்தகை பல இடங்களில் இரட்டிப்பானது. ராபர்ட் ஆலன் என்ற வரலாற்றாளரின் வாதம், அந்தக் கூடுதல் குத்தகையில் பெரும்பகுதி கூடுதல் விளைச்சலால் வந்ததில்லை, விவசாயியின் கையிலிருந்து நிலப்பிரபுவின் கைக்கு மாறியதுதான் என்பது. மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அடைத்த ஊர்களில் விளைச்சல் நன்றாகவே கூடியது, ஏற்றத்தாழ்வும் கூடவே கூடியது என்று அண்மை ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கு இரண்டுமே நம்பும்படி இருக்கிறது. ஊருக்கு ஊர் மண் வேறு.

#11 வரப்போரம்

மண் என்றதும் நினைவு வந்தது. லெஸ்டர்ஷயர், நார்தாம்ப்டன்ஷயர் பக்கம் களிமண். நார்தாம்ப்டன்ஷயரில் பாதிக்கு மேல் நிலம் நாடாளுமன்றச் சட்டத்தால் அடைபட்டது. அடைத்ததும் பல நிலக்காரர்கள் உழவையே விட்டுவிட்டுப் புல் வளர்த்து ஆடு மாடு விட்டார்கள். உழவுக்கு ஊரே வேண்டும், புல்லுக்கு ஒரு மேய்ப்பனும் நாயும் போதும்.

மாலை வெயில் சாய்வாக விழும்போது அந்தப் புல்வெளிகளைப் பார்த்தால் தரை முழுவதும் அலை அலையாகத் தெரியும். நூற்றாண்டுகள் ஏர் ஓட்டி ஓட்டி உயர்ந்த மேடும் தாழ்ந்த சாலும். அடைத்த வருடம் உழவு நின்றது, புல் மூடியது, அப்படியே உறைந்துவிட்டது. நான் ஒருமுறை அதன் குறுக்கே நடந்தேன். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, முழங்காலுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு மேடும் ஒருத்தர் வீட்டுத் துண்டில் உழுதது.

#12 பனையடி

படிக்கப் படிக்க எங்கள் ஊர்தான் கண்ணுக்கு முன்னால் வருகிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பெரியம்மாவிடம் முப்பது வெள்ளாடு இருந்தது. நிலம் கிடையாது. ஊருக்கு மேற்கே மேய்ச்சல் புறம்போக்கு, மழைக்குப் பின் நாலு மாதம் புல், மற்ற நாள் வேலி ஓரத்து உடைமுள் காய். பத்து வருடத்துக்கு முன் ஒரு நிறுவனம் அதைக் குத்தகைக்கு எடுத்துக் கம்பி வேலி போட்டது. முறைப்படி அறிவிப்பு ஒட்டினோம் என்றார்கள். எங்கே ஒட்டினார்கள் என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆணையர் பட்டா கேட்ட கதையை மேலே படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெரியம்மாவிடமும் அதைத்தான் கேட்டார்கள். ஆடெல்லாம் ஒரே சந்தையில் போனது. இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறார்.

#13 ஆவணப்பிரியன்

பனையடி, இதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. தங்கள் ஊரில் பொது நிலத்தைப் பயனற்ற நிலம் என்று எழுதிப் பழகிய அதே தலைமுறைதான் மதராஸ் மாகாணத்தில் நிலத்தை அளந்தது. வரி வந்தால் நிலம், வராவிட்டால் தரிசு, புறம்போக்கு. மேய்ச்சல் அவர்கள் பதிவேட்டில் வருமானம் இல்லாத இடம். 1882இல் மதராஸ் வனச்சட்டம் வந்து காப்புக்காடுகளுக்குள் மேய்ச்சலையும் விறகையும் கட்டுப்படுத்தியது.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்பு வழங்கியது. பஞ்சாபில் ஒரு ஊர்க் குளத்தை ஆக்கிரமித்த வழக்கு. ஊர்ப்பொது நிலங்களிலிருந்து ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்க எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பில் மந்தைவெளி, புறம்போக்கு, களம் என்று நம் சொற்களே இருக்கின்றன. உங்கள் ஊர் மேய்ச்சல் நிலத்தின் 'அ' பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதிய வருவாய்த்துறை ஏடு) நகலை வாங்கி, முதலில் அது என்ன வகைப்பாட்டில் இருந்தது, எப்போது மாற்றினார்கள் என்று பாருங்கள். வேண்டுமானால் படித்துச் சொல்ல நான் உதவுகிறேன்.

#14 நொய்யல்கரை

பனையடி தம்பி, நகல் வாங்கத் தாலுகா அலுவலகம் போக வேண்டியிருந்தால் சொல்லுங்கள், மனு எழுதித் தருகிறேன். நான் அடைப்பை ஆதரித்துப் பேசியது பயிரை வைத்து. உங்கள் பெரியம்மாவின் முப்பது ஆட்டை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்திருக்க வேண்டும்.

#15 கேள்விக்கணை

வரப்போரம் அண்ணா, மாட்டை இழந்த அந்தக் குடும்பங்கள் எல்லாம் நகரத்து ஆலைக்குப் போனார்களா?

#16 செவ்வந்தி

உடனே எல்லாரும் போகவில்லை தம்பி. வேலி நட, பள்ளம் வெட்ட, கரம்பை உழ முதலில் ஆள் தேவைப்பட்டது. நிறையப் பேர் அதே ஊரில் கூலியாக இருந்தார்கள். கூலி போதாமல் போனபோது 1795இல் பெர்க்ஷயரின் ஸ்பீன்ஹாம்லேண்டில் நீதிபதிகள் கூடி, ரொட்டி விலைக்கு ஏற்ப ஊர் வரியிலிருந்து உதவி கொடுக்க முடிவு செய்தார்கள். கூலி குறைத்தாலும் ஊர் வரி ஈடுகட்டும் என்று பண்ணைக்காரர்கள் கூலியை ஏற்றவில்லை. 1834இல் புதிய ஏழைச் சட்டம் வந்தது. உதவி வேண்டுமென்றால் ஏழைகளை உள்ளே வைத்து வேலை வாங்கும் பணிவிடுதிக்குள் வா என்றது. அங்கே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். அதற்குப் பயந்து நகரத்துக்கும் கனடாவுக்கும் போனவர்கள் நிறைய.

#17 பனையடி

ஆவணப்பிரியன் அண்ணா, திங்கட்கிழமை தாலுகா அலுவலகம் போகிறேன். சர்வே எண் பெரியம்மாவுக்குத் தெரியாது, ஆனால் மேற்கு எல்லையில் ஒரு கல் இருந்தது, ஆடு அதன்மேல் ஏறி நிற்கும் என்கிறார். வேலிக்கு உள்ளே போய்விட்டது. வெளியிலிருந்து படம் எடுத்து இங்கே போடுகிறேன்.